ஹாட் பாக்ஸின் இடப்பெயர்ச்சி: சிப்காட் வட்டாரத்துச் சமையல் பரிசுகள் குறித்து ஓர் ஆராய்ச்சி

ஆய்வுச் சுருக்கம்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்து ஆலைகளிலிருந்து வெளியேறும் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, செல்போன் ஆகியவற்றைப் பற்றிப் பொருளியலாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆயுதபூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவே அதே கேட் வழியாகத் தொழிலாளியின் அக்குளில் இடுக்கப்பட்டு வெளியேறும் குக்கர், ஹாட் பாக்ஸ், நான்ஸ்டிக் தவா ஆகியவை மட்டும் அறிவுலகின் கண்ணில் படவே இல்லை. அக்குறையைப் போக்குவதோடு, சமையலில் ஆசை உள்ளவருக்கு எதைக் கொடுத்தால் உருப்படியாக இருக்கும் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

1. வரலாறு

ஆவியை அடைத்துச் சமைக்கும் பாத்திரத்தை 1679-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் முன் வைத்தவர் பிரெஞ்சுக்காரரான டெனி பாப்பின். கெட்டியான எலும்பையே அது மெத்தென்று ஆக்கியது. ஆனால் அதற்கு ஜிகினாத் தாள் சுற்றி, டோக்கன் வாங்கிக்கொண்டு, ரெஜிஸ்டரில் கையெழுத்துப் பெற்றுக் கொடுக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அந்தப் பெருமை நம் மனிதவளத் துறைகளையே சாரும்.

அத்துறைகளின் சங்கடத்தையும் சொல்ல வேண்டும். சமையல் கருவிகளைப் பரிசளிப்பதில் தமிழ்நாட்டு அரசே முந்திக்கொண்டது. 2006-இல் வந்த ஆட்சி எரிவாயு அடுப்பு கொடுத்தது. 2011-இல் வந்த ஆட்சி மிக்ஸியும் கிரைண்டரும் கொடுத்து, அரைத்துக் களைத்தவருக்கு மின்விசிறியும் கொடுத்தது. எஞ்சிய சந்து பொந்தில்தான் ஹாட் பாக்ஸ் நுழைந்தது.

சட்டமும் இங்கே கைகொடுப்பதில்லை. 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டம் குறைந்தது 8.33 சதவீதம், கூடினால் 20 சதவீதம் என்று கோடு கிழித்தது. ஹாட் பாக்ஸ் எத்தனை லிட்டர் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

2. வகைப்பாடு

பரிசின் கொள்ளளவு, பெறுபவரின் அடையாள அட்டைக் கயிற்றின் நிறத்தைப் பொறுத்தது. பெர்மனென்ட் என்றால் ஐந்து லிட்டர் குக்கர். ட்ரெய்னி என்றால் மூன்று லிட்டர். கான்ட்ராக்ட் என்றால் அரைக் கிலோ ஸ்வீட் பாக்ஸ், அதுவும் கான்ட்ராக்டருக்கு மனம் வந்தால். எல்லோரும் ஒன்று என்று சொன்ன இராமானுசர் 1017-இல் பிறந்தது இந்த ஸ்ரீபெரும்புதூரில்தான் என்பதை ஆய்வாளர் இங்கே பதிவு மட்டும் செய்கிறார், கருத்துச் சொல்லவில்லை.

3. பொருளின் இயல்பு

ஹாட் பாக்ஸின் இரண்டு சுவர்களுக்கு நடுவே இருப்பது பாலியூரித்தேன் நுரை. சுங்குவார்சத்திரத்து சாம்சங் ஆலை செய்கிறதே ஃபிரிட்ஜ், அந்த ஃபிரிட்ஜ்களின் சுவருக்குள்ளும் இந்த வகை நுரைதான். அங்கே வெளிச் சூட்டை உள்ளே விடாது. இங்கே இட்லியின் சூட்டை வெளியே விடாது. பகலெல்லாம் ஃபிரிட்ஜ் லைனில் நின்றவருக்கு ஹாட் பாக்ஸ் பரிசளிப்பது, அல்வா கிண்டுபவருக்கு அரைக் கிலோ அல்வா கொடுப்பதற்கு ஒப்பாகும்.

4. இடப்பெயர்ச்சி

சமைக்கும் பரிசு சமைக்கும் இடத்தைத் தேடிப் போகும் என்பது இக்கட்டுரையின் முதல் விதி. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அத்தனை பேரும் ஆளுக்கொரு அடுப்பு மூட்டினால் தீயணைப்புத் துறை தாங்காது. ஆகவே விடுதிப் பெண்ணின் கைக்கு வந்த குக்கர் ஓர் இரவுகூட அங்கே தங்குவதில்லை. சொந்த ஊர் போகும் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறிவிடுகிறது.

தீபாவளிக்கு முந்தைய இரவு அந்தப் பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் இந்த விதிக்கு வேறு சான்று தேவையில்லை. ஒரே அளவு, ஒரே படம் போட்ட அட்டைப்பெட்டிகள் சீட்டுக்குச் சீட்டு. “மேல வெக்காதம்மா, பிரேக் போட்டா யார் தலையிலயாவது எறங்கும், மடியில வெச்சுக்க” என்கிறார் கண்டக்டர். செய்யாறு தாண்டும்போது பெட்டி மடியிலும் தலை பெட்டியிலுமாகப் பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள். வீட்டில் அம்மா பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள்: “போன வருசமும் இதத்தானடி குடுத்தாங்க? கலராவது மாத்தக் கூடாதா?”

அங்கிருந்து பரண். பரணிலிருந்து அத்தை மகள் கிரகப்பிரவேசம். இந்த இரண்டாம் கட்டப் பயணத்துக்குத் தடையாக இருப்பது மூடியில் அச்சிட்ட கம்பெனிப் பெயர். ஊர்ச்சபைத் தேர்தல் விதிகளைச் சொல்லும் உத்திரமேரூர்ச் சோழர் கல்வெட்டு ஆயிரம் ஆண்டு தாண்டியும் நிற்பது இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான். மூடியெழுத்துக்கு அந்த ஆயுள் இல்லை. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் நாலு தேய்ப்பில் போய்விடும். லேசான நிழல் மட்டும் மிஞ்சும். மொய் எழுதுபவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. அவர்கள் கொடுத்ததிலும் நிழல் உண்டு.

5. அடிக்கரி அளவுகோல்

பரிசு பயன்பட்டதா என்று அறிய, கொடுத்தவரைக் கேட்பது வீண். பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். குக்கருக்கு அடிக்கரி, தவாவுக்குக் கீறல், ஹாட் பாக்ஸுக்கு மூடியின் உட்புறம் மஞ்சள் கறை.

இந்த அளவுகோலில் முதலிடம் பெறுவது யாரும் எதிர்பாராத இடம்: மாத்தூரிலும் பண்ருட்டிக் கண்டிகையிலும் ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கும் பையன்களின் வாடகை அறை. பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். முகவரிச் சான்று இல்லாமலே வாங்கக்கூடிய 5 கிலோ ‘சோட்டு’ சிலிண்டர் மேல் ஒரு பர்னர். கான்ட்ராக்டில் இருந்து ட்ரெய்னியாக உயர்ந்த ஒருவன் கொண்டுவந்த மூன்று லிட்டர் குக்கரில் அன்றிரவே அரிசியும் மசூர் பருப்பும் விழுகின்றன. மேலே தோலோடு முழு உருளைக்கிழங்கு. விசில் அடங்கியதும் உருளையைக் கரண்டியால் தோண்டி எடுத்து, விரலை ஊதி ஊதித் தோலுரித்து, பச்சை மிளகாயும் வெங்காயமும் சேர்த்துக் கடுகெண்ணெய் விட்டுப் பிசைகிறார்கள். அதுதான் சோக்கா. ஒரே பாத்திரத்தில் சோறு, பருப்பு, தொட்டுக்கொள்ள என்று மூன்றும் முடிந்தன. சமைத்தவன் பாத்திரம் கழுவ வேண்டியதில்லை என்பது அந்த அறையின் எழுதாத சட்டம். அவனுக்கு சி-ஷிஃப்ட், அதாவது ராத்திரி வேலை, விழுந்த வாரம் அறையே பரோட்டாக் கடையில்.

இதிலிருந்து இரண்டாம் விதி பிறக்கிறது: பரிசின் மதிப்பு, பெறுபவரிடம் ஏற்கெனவே உள்ள பாத்திரங்களின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும்.

6. பரிந்துரைகள்

பாத்திரம் நிறைந்த வீட்டுக்குப் பாத்திரம் வேண்டாம். இருப்பதை ஓடவைப்பதைக் கொடுங்கள்.

(அ) குக்கர் கேஸ்கட். ரப்பர் இறுகிவிட்டால் ஆவி ஓரத்தில் கசியும். சுமார் 120 டிகிரியில் பருப்பை மசிக்க வேண்டிய குக்கர், கனத்த மூடி போட்ட வெறும் சட்டியாகிவிடும்.

(ஆ) மிக்ஸி ஜாருக்குப் புது பிளேடும் கப்ளரும். 2011-இன் கொடையில் உயிரோடு இருப்பவை இதற்காகவே காத்திருக்கின்றன.

(இ) பழக்கிய இரும்புத் தோசைக்கல். புதுக் கல்லை யாரும் வாங்கித் தரலாம். எண்ணெய் தடவி, வெங்காயம் தேய்த்து, முதல் நாலைந்து தோசைகளைப் பிய்த்துத் தின்று தீர்த்து, அதன் பிறகு கொடுப்பவரே மெய்யான கொடையாளி.

(ஈ) தீபாவளிக்கு முந்தைய இரவு சி-ஷிஃப்டிலிருந்து விடுதலை. அதிரசமோ முறுக்கோ சுடத் தெரிந்தவருக்குத் தேவை அடுப்பும் இரண்டு மணி நேரமும்தான்.

7. எதிர்வாதம்

இப்பரிந்துரைகளில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதை ஆய்வாளர் அறிவார். மேடையில் பிளான்ட் ஹெட் ஒரு கேஸ்கட்டை நீட்ட, தொழிலாளி இரு கையால் வாங்க, அதை எப்படிப் போட்டோ எடுப்பது? விடுப்பை எந்த ஜிகினாத் தாளில் சுற்றுவது? குக்கர் சமைப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை; தூரத்திலிருந்தும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பெரியது என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆகவே அடுத்த ஆண்டும் ஹாட் பாக்ஸே வரும் என்று இவ்வாய்வு உறுதியாகக் கணிக்கிறது. நிறம் குறித்து மட்டும், திருவண்ணாமலைத் தாய்மாரின் கோரிக்கையை நிர்வாகங்கள் பரிசீலிக்கலாம்.