குமிழ்குழிப் புணரியல்

வேட்டி இடுப்பில் நிற்பது கட்டின் மகிமையாலா, கட்டியவனின் மன உறுதியாலா என்று விசாரிக்கப் புகுந்தால் அதற்கே ஒரு தனி நூல் வேண்டியிருக்கும். ஆயினும் அவ்விஷயத்தில் உடுத்தியவனுடைய ஒத்துழைப்பு ஓரளவேனும் கிடைத்துவிடுகிறது. அத்தகைய ஒத்துழைப்பு அணுவளவும் கிடையாததோடு, இரு கால்களாலும் இடைவிடாத எதிர்ப்பும் கிளம்புகின்றதாகிய ஓர் இடுப்பில், நனைவதையே நித்திய கர்மமாகக் கொண்ட துணியொன்றை எங்ஙனம் நிறுத்துவது என்பதுதான் இங்கே ஆராய எடுத்துக்கொண்ட பொருள். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மகள், குழந்தைக்கு மூன்று மாதம் ஆனவுடனே பழைய தையல் இயந்திரத்தைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு துணி டயப்பருக்கு மேலுறை தைக்கத் தொடங்கி, அவற்றில் பிரஸ் பட்டன் பதிக்கிற காரியத்தை, முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் இலக்கணம் போதித்து ஓய்வு பெற்ற என்னிடம் ஒப்படைத்திராவிட்டால், இந்தத் துறையின் ஆழம் எனக்குப் புலப்பட்டிருக்கவே நியாயமில்லை.

பூர்வ சரித்திரத்தை முதலில் பார்த்துவிடுவது முறை. நம் முன்னோர் பொத்தானைத் தேடிப் போகவில்லை. அரைஞாண் கயிறு ஒன்றை இடுப்பில் கட்டி, கிழிந்த வேட்டியின் ஒரு முழத் துண்டை முன்னும் பின்னும் அதில் செருகிவிட்டு, காரியம் முடிந்ததென்று தூளியை ஆட்டப் போனார்கள். கோவணத்தை அற்பமாக எண்ணுகிறவர்கள் பெரிய புராணத்தில் அமர்நீதி நாயனாருடைய சரித்திரத்தை நினைத்துக்கொள்ள வேண்டும்: பிரம்மசாரியாக வந்த இறைவன் கொடுத்துவைத்த கோவணம் காணாமற்போக, தண்டில் கட்டியிருந்த மற்றொரு கோவணத்தின் எடைக்கு எடை கேட்டு அவர் நிற்க, வணிகராகிய நாயனார் தம் செல்வம் முழுவதையும் தராசில் ஏற்றியும் தட்டு சமனாகாமல், கடைசியில் மனைவி மகனோடு தாமே ஏறி நிற்க வேண்டியதாயிற்று. ஒரு கோவணத்தின் கனம் இவ்வளவு என்று அளந்து காட்டிய இலக்கியம் வேறொன்று எனக்குத் தெரியாது. நள்ளிரவு மூன்று மணிக்கு நனைந்த துணியைக் கையில் எடுத்தவர்கள் அந்த எடையை ஐயுற மாட்டார்கள்.

அரைஞாணுக்குப் பின் வந்தது ஊக்கு. 1849-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் வால்ட்டர் ஹன்ட் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்று, பெற்ற கையோடு அதனை 400 டாலருக்கு விற்றுவிட்டார். அந்த மனிதருக்குக் கிடைக்காத மரியாதை எல்லாம் அவருடைய ஊக்குக்கு நம் தேசத்தில் கிடைத்தது. தாலிச் சரட்டிலும் வளையலிலும் இரண்டு மூன்று ஊக்குகளைக் கோத்து வைத்துக்கொள்ளாத தாய்மாரை என் பிராயத்தில் நான் அதிகம் கண்டதில்லை. ஆனால் தூக்கக் கலக்கத்தில் ஊக்கின் முனை குழந்தையின் தொடையைத் தேடிப் போகும் என்கிற ஒரு தோஷம் அதற்கு உண்டு. கனெடிகட் மாநிலத்தில் வசித்த மாரியன் டோனவன் என்னும் மாதரசி, 1946-இல் குளியலறைத் திரையை வெட்டி ஈரம் கடவாத மேலுறை ஒன்றைத் தைத்து, ஊக்கை விலக்கி அமுக்குப் பொத்தான்களை வைத்தார். உற்பத்தியாளர்கள் எவரும் அதைச் சீண்டவில்லை. 1949-இல் நியூயார்க்கின் பெரிய கடையொன்றில் அது விலைபோகத் தொடங்கிய பிறகு, 1951-இல் உரிமையைப் பத்து லட்சம் டாலருக்கு விற்றார். ஹன்ட் பெற்றதையும் டோனவன் பெற்றதையும் வகுத்துப் பார்த்தால் ஈவு 2,500 வருகிறது. குத்துவதற்கும் குத்தாமலிருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் துல்லியமாக யாரும் கணக்கிட்டிருக்க முடியாது.

அமுக்குப் பொத்தானோ அதற்கு முன்பே பிறந்தாயிற்று. ஜெர்மனியில் ஹெரிபர்ட் பாவர் 1885-இல் ஆடவர் கால்சட்டைக்கென்று அதை வகுத்தார். 1903-இல் ஹான்ஸ் பிரிம் அதன் குழிக்குள் வளைந்த கம்பி வில் ஒன்றை வைத்துப் பிடிப்பை உறுதியாக்கினார். வளர்ந்தவர்களுடைய கால்சட்டையில் தொடங்கிய ஒரு சாதனம் குழந்தையின் அரையில் வந்து முக்தி பெற்றதை அவரோகண கிரமம் என்று வைத்துக்கொள்ளலாம். ‘பொத்தான்’ என்ற சொல்லே போர்த்துகீசியரோடு கப்பலில் வந்து இறங்கியதுதானே. ஆகையால் இதன் பூர்வீகத்தைப் பற்றி நாம் சண்டையிட வேண்டியதில்லை.

இனி உறுப்பிலக்கணம். என் கைக்கு வந்த பொத்தான் உலோகத்தாலானது அன்று, ஒருவகைப் பிளாஸ்டிக். கடைக்காரர் அதை இருபதாம் நம்பர் என்கிறார். அகலம் சுமார் 12 மில்லிமீட்டர். துருப்பிடியாது, ஆனால் இஸ்திரிப் பெட்டியைக் கண்டால் உருகிவிடும். நடுவில் கூரிய காம்புடைய தொப்பி, புடைத்த குமிழ், உள்வாங்கிய குழி என்று உறுப்புகள் மூன்றே. தொப்பியின் காம்பு துணியைத் துளைத்து மறுபக்கம் வர, அதன்மேல் குமிழையோ குழியையோ கவிழ்த்து, இடுக்கியால் அழுத்தினால், காம்பின் நுனி காளான்போல் நசுங்கிப் பரந்து இரண்டையும் பிரிக்க முடியாதபடி பிணைத்துவிடுகிறது. தர்க்க சாஸ்திரிகள் சம்பந்தத்தைச் சமவாயம் என்றும் சம்யோகம் என்றும் இரண்டாகப் பிரித்தார்களே, அந்தப் பாகுபாட்டுக்குக் குடமும் துணியும் காட்டி மாணாக்கர்களை வதைத்ததற்குப் பதில் ஒரு பிரஸ் பட்டனைக் காட்டியிருக்கலாம்: தொப்பிக்கும் குமிழுக்கும் உள்ளது சமவாயம், ஒன்று அழிந்தாலொழியப் பிரியாது, குமிழுக்கும் குழிக்கும் உள்ளது சம்யோகம், நாளொன்றுக்குப் பத்துத் தடவை கூடிப் பிரியும்.

இந்தச் சம்யோகத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. அதை அறிந்த பிறகே எனக்கு இந்தப் பொத்தானிடம் உண்மையான மதிப்பு ஏற்பட்டது. பாலுண்ட வயிறு உப்பும்போதும் கால் உதைக்கும்போதும் துணி பக்கவாட்டில்தான் இழுபடுகிறது. அந்த இழுப்பில் குமிழின் கழுத்து குழியின் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்குமே தவிர நழுவாது. தாயோ பக்கவாட்டில் இழுப்பதில்லை; விளிம்பில் ஒரு விரலைக் கொடுத்து நெம்பித் தூக்குகிறாள்; அந்தத் திசைக்கு மட்டும் அது ‘டிக்’ என்று இசைந்துவிடுகிறது. உதைக்கு மசியாமல் விரலுக்கு இசைகிற இந்த விவேகம், நான் பணியாற்றிய காலத்தில் எந்த மேலதிகாரியிடமும் கண்டதில்லை.

பிரயோகத்துக்கு வருவோம். பொத்தான் அமரும் இடத்தில் துணியின் உட்புறம் ஒரு பட்டைத் துண்டை வைத்துத் தைக்க வேண்டும். இல்லையேல் இழுபட்டு இழுபட்டுத் துளை பெருகி, பொத்தான் முழுசாய்ப் பிய்ந்து கையோடு வந்துவிடும். பிறகு சாக்கட்டியால் குறியிட்டு, குத்தூசியால் துளைத்து, காம்பை நுழைக்க வேண்டும். துணியின் தடிப்புக்குக் காம்பு நீளமானால் ஒருபக்கமாகச் சாயும். குட்டையானால் நசுங்குவதற்கு நுனியே எஞ்சாது. அழுத்தியபின் தொப்பியை விரலால் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆடினால் இன்னொரு அழுத்து. பாலியுரித்தேன் படலம் ஒட்டிய துணியில் இட்ட துளை தையலால் மூடாது. ஈரம் கசிவதற்கு அது ஒரு மதகு. ஆகவே, உட்துணியைச் சேர்த்துத் தைத்து மூடுவதற்கு முன்பே முன்பக்கப் பொத்தான்களைப் பதித்துவிடுவது உத்தமம் என்பது என் மகளின் சித்தாந்தம். தொப்பி குழந்தையின் வயிற்றில் அச்சுப் பதிக்காமல் இரண்டு துணிக்கு நடுவே மறைந்தும் போகிறது.

இலக்கண வாத்தியாரைப் பழிவாங்கும் இடம் இனிமேல்தான் வருகிறது. முன்பட்டையில் குழிகள் வரிசையாக நிற்பது நிலைமொழி. பின்னிருந்து வளைந்து வருகிற இறக்கையிலுள்ள குமிழ் வருமொழி. இரண்டும் மாறுபாடின்றிக் கூடினால் இயல்புப் புணர்ச்சி. விகாரப் புணர்ச்சியின் மூன்று வகையையும் முதல் நாளிலேயே என் கைகள் சாதித்துவிட்டன: வேண்டாத இடத்தில் துளை விழுந்தது தோன்றல், காம்பு கோணிக்கொண்டது திரிதல், தொப்பி கழன்று பாயின் கீழ் உருண்டு மறைந்தது கெடுதல். ஆனால் பெரிய குற்றம் இவற்றில் ஒன்றும் அன்று. முன்பட்டையில் குழி வெளியே பார்க்க வேண்டுமாதலால் தொப்பி உள்ளே போக வேண்டும். இறக்கையில் குமிழ் உள்ளே பார்க்க வேண்டுமாதலால் தொப்பி வெளியே நிற்க வேண்டும். குழந்தை சிறிதாயிருக்கையில் இறக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதற்காக ஓர் இறக்கையின் வெளிப்புறத்திலும் ஒரு குழி வேண்டும். அதற்கு மறுபடியும் தொப்பி உள்ளே. இவ்வளவு வேற்றுமையும் ஒரு சாண் துணியில் ஏன் என்று கருதி, எல்லாத் தொப்பிகளையும் பாரபட்சமின்றி வெளிப்பக்கமே வரும்படி வரிசையாகப் பதித்து, பத்துப் பொத்தானை அழுத்திய களைப்போடும் பெருமிதத்தோடும் நீட்டினேன்.

மகள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அப்பா, பிள்ளை இதைப் போட்டுக்கிறதா, இது பிள்ளையைப் போட்டுக்கிறதா?” என்றாள்.

“பார்வைக்கு லட்சணமாக இருக்கிறதேம்மா.”

“லட்சணமாத்தான் இருக்கு. மாட்டத்தான் முடியாது.”

தவறாகப் பதித்த பொத்தானை நீக்க ஒரே வழி, தொப்பியை வெட்டுக்குறட்டால் நறுக்கி உடைப்பதுதான். நறுக்கினேன். துளைகள் எஞ்சின, அவற்றிலேயே மறுபடி பதிக்கலாம் என்ற ஆறுதலோடு, இம்முறை திசையைக் காகிதத்தில் படம் போட்டு வைத்துக்கொண்டு, அதிசர்வ ஜாக்கிரதையாய் இறங்கினேன். திசை சரியாகவே அமைந்தது. குமிழ் இருந்த டப்பாவும் குழி இருந்த டப்பாவும் ஒரே நிறமாக இருந்ததும், மூக்குக்கண்ணாடி பூஜையறையில் இருந்ததும்தான் என் கவனத்துக்கு வரவில்லை. முன்பட்டை முழுவதும் குழி. இறக்கை இரண்டிலும் குழி. ஒரே பாலார் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து விறைத்துக்கொண்டு நிற்க, டிக் என்ற ஓசை பிறக்கவேயில்லை.

இந்தத் தொல்லைக்கு ஒட்டுப்பட்டையை வைத்தால் என்ன என்று அடுத்த வீட்டு அம்மாள் பூர்வபக்ஷம் கிளப்பினாள். நாய் மயிரில் ஒட்டிய முட்காயைப் பார்த்து ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் கண்டுபிடித்த அந்தப் பட்டை குமிழ் குழி பேதம் அறியாதது, கண்டதையும் பற்றிக்கொள்வது. துவைக்கும்போது பக்கத்துத் துணியையும், நூற்பிசிரையும், என் அங்கவஸ்திரத்தையும் சேர்த்துப் பற்றிக்கொண்டு வரும் என்பதே அதற்கு உத்தரம். குழந்தை விழித்துவிடும்படி அது எழுப்புகிற கிழிசல் ஓசை வேறு இருக்கிறது.

அடுத்த மேலுறையிலிருந்து பொத்தான் பதிப்பதை மகளே எடுத்துக்கொண்டாள். காம்பை நுழைத்துக் கொடுப்பது வரையில் எனக்கு அனுமதி. குழிக்குக் குழி பதித்த அந்த உறையை எறிந்துவிட மனம் வராமல், இக்கட்டுரையின் கையெழுத்துப் பிரதியை அதில் சுருட்டி வைத்திருக்கிறேன். மூடாது, மேலே ஓர் ஊக்கு குத்தியிருக்கிறது.