திரி எரியும், கூரை எரியாது

சோவியத் தியேட்டர்களில் 1962 முதல் மெயின் படத்துக்கு முன்னால் ‘ஃபிதீல்’ என்ற குறும்படத் தொடர் ஓடும். பெயருக்குத் திரி என்று பொருள். தொடக்கத்திலேயே திரி சுர்ரென்று எரிந்து, டமார்! பிறகு சில நிமிடம் நையாண்டி. எடையில் கைவைக்கும் கடைக்காரர், கோப்பின் மேல் தூங்கும் அதிகாரி, வேலை நேரத்தில் தள்ளாடும் தொழிலாளி என்று ஆளாளுக்குச் சாத்து. ஃபேக்டரி மேனேஜர் வரை கை நீளும். அதற்கு மேல் மாடிப்படி கிடையாது.

இந்தத் தொடரின் தலைமை ஆசிரியர் யார் தெரியுமோ? சோவியத் தேசிய கீதத்தை எழுதிய இருவரில் ஒருவரான செர்கேய் மிகல்கோவ்! 1977-இல் அதிலிருந்து ஸ்டாலினை நைசாகக் கழற்றியதும் அவரேதான். எங்கே கத்திரி வைக்கலாம் என்று அவருக்கா தெரியாது? சோவியத்தே போனபின், 2000-இல் புது ரஷ்யாவுக்குக் கீதம் எழுதியபோது கடவுளையும் சேர்த்துக்கொண்டார்.