ஆத்துல போட்டவன் கொளத்துல தேடுறான்

வாடா பேராண்டி, ஒக்காரு. மூணு நாளா அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிய மொறச்சிக்கிட்டே கெடக்குறியே, அது ஒனக்குப் பொண்ணு குடுக்கப் போவுதா? விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைய ஒலகத்துக்கே விக்கிறேன்னு பைத்தான்ல கடை கட்டினே, சரி. வாங்க வந்தவங்க கூடையில போட்ட அகல்வெளக்கு எங்கடா போவுது?

நான் படிக்காதவன்தான். பீங்கான் தொழிற்பேட்டையில அச்சுப் புடிச்சே நரைச்சவன். ஆனா நீ ராத்திரியெல்லாம் பொலம்புனதக் கேட்டு ஒன் வியாதி என்னான்னு தெரிஞ்சிக்கிட்டேன்.

மொத நாளு ‘கூடையில சேரு’ன்னு ஒரு ஃபங்ஷன் எழுதினே. கூடைங்கிற வேரியபிள அதுக்குள்ளயே வச்சி, வெளக்கையும் போட்டே. அப்பறம் ‘மொத்தம் போடு’ங்கிற ஃபங்ஷன்ல போயி அந்தக் கூடையத் தேடினே. அப்பிடி ஒரு பேரே இல்லன்னு பொட்டி மூஞ்சில அடிச்சிது. அடிக்காம என்னா பண்ணும்? பிளாஸ்டர் அச்சுல களிமண்ணக் கூழாக் கரைச்சி ஊத்துவோம். அச்சு தண்ணிய உறிஞ்சும், மண்ணு ஓரமா ஏடு புடிக்கும். வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் கூழக் கவுத்துக் கொட்டிடுவோம். ஃபங்ஷனுக்குள்ள பொறந்த வேரியபிளு அந்த மிச்சக் கூழு. வேலை முடிஞ்சா போச்சி. பொம்மை ஒடம்போட ஒட்டுனதுதான் நிக்கும். அப்பிடி ஒட்ட வைக்கிறது ‘செல்ஃப்’னு நீதானடா சொன்னே? அந்த நாலு எழுத்த அடிக்கக் கை சுளுக்கிக்கிச்சா?

ரெண்டாம் நாளு தொரைக்கு ஒரு யோசனை. கூடையத் தூக்கி கிளாஸ் தலையிலயே வச்சே. கிளாஸுன்னா அச்சு, ஆப்ஜெக்டுன்னா அதுலேருந்து எறக்குன பொம்மை. அச்சுல ஒரு கீறல் வுழுந்தா, எறக்குற புள்ளையாரு அத்தினி பேருக்கும் அதே எடத்துல தழும்பு. ஒன் கடையிலயும் அதான் ஆச்சி. கடலூர்க்காரரு போட்ட யானை பண்ருட்டி அம்மா கூடையில நிக்கிது. அந்தம்மா எடுத்த செட்டியாரு பொம்மைக்கு அவரு காசு குடுக்கணுமாம். ஊருக்கே ஒத்தக் கூடை. சமத்துவபுரமே கட்டிப்புட்டியேடா!

மூணாம் நாளு புத்தி வந்து செல்ஃப்ல வச்சே. ஒரு பக்கத்துல சரியா இருந்துச்சி. அடுத்த பக்கம் போனா கூடை காலி. பக்கத்தக் கேட்டு வாங்கியாற எச்.டி.டி.பி.க்கு ஞாபகமே கெடையாது. ஒவ்வொரு தடவ வரவங்களும் அதுக்குப் புது ஆளுதான். நீயும் கேக்குறப்பல்லாம் புது பொம்மை எறக்குறே, பதிலு போனதும் ஒடைச்சிப் போடுறே. ஒடைச்ச உண்டியல்ல நேத்துப் போட்ட காசு இருக்குமா?

இதுக்கு வழி நம்ம ஊருலயே கெடக்கு. சுந்தரமூர்த்தி நாயனாரு இந்தத் திருமுதுகுன்றத்துல பன்னண்டாயிரம் பொன்னு வாங்கி, மணிமுத்தாத்துல போட்டுட்டு, திருவாரூர் கமலாலயக் கொளத்துல எடுத்தாரு. கேட்டு அவரு பொஞ்சாதி பரவை நாச்சியாரே சிரிச்சாங்க. நீயும் சிரிப்பே. ஆனா மனுசன் போடுறதுக்கு முந்தி ஒரு காரியம் பண்ணாரு பாரு, பொன்னுல அடையாளத்துக்கு ஒரு துண்டு, மச்சம்னு, வெட்டிக் கையில வச்சிக்கிட்டாரு. அங்க எடுத்தத அதோட ஒத்துப் பாத்தாரு.

அந்த மச்சந்தான்டா ஒன்னோட குக்கி. 1994ல நெட்ஸ்கேப்புல லூ மாண்டுலி கொண்டாந்ததுன்னு பீத்திக்கிட்டியே, அதே. நீ கடை கட்டுற பைத்தான் ஜாங்கோவுல சாமானு டேட்டாபேஸ்ல கெடக்கும், வாங்குறவங்க பிரவுசர்ல வெறும் ஒரு அடையாளச் சீட்டுதான். சீட்டக் காட்டுனா அவங்கவங்க கூடை அவங்கவங்களுக்கு. அதுக்குப் பேரு செஷன்.

கேட்டுக்க. ஒரு வேலையோட தீர்றது ஃபங்ஷனுக்குள்ள. ஒரு பொம்மைக்குன்னு உள்ளது செல்ஃப்ல. கடைப்பேரு மாதிரி எல்லாருக்கும் பொதுவா, மாறாம நிக்கிறது கிளாஸ்ல. பக்கம் தாண்டிப் போவணும்னா செஷன்ல. இத வுட்டுட்டு ஆத்துல போட்டுக் கொளத்துல தேட, நாயனாருக்குச் சிவன் தோழரு, ஒனக்கு யாருடா?

போ, போயி எழுது. ந்தா, என் வெத்தலப் பொட்டி எங்க வச்சேன்னு பாத்துட்டுப் போ. என்னாது, என் இடுப்புலயே சொருகியிருக்கா? பாத்தியா, செல்ஃப்ல வச்ச சாமானு, ஆளு இருக்குற மட்டும் எங்கியும் போவாது.