ரத்தத்துக்கு எறும்பு வந்த கதை

ஆபீஸில் எனக்கு 'பேய் ஸ்பெஷலிஸ்ட்' என்று பெயர். வெள்ளிக்கிழமை எந்தப் பேய்ப் படம் வந்தாலும், போஸ்டரில் இருக்கும் ஹீரோ யாரென்றே தெரியாவிட்டாலும், முதல் வாரத்திலேயே பார்த்துவிடுவேன். பல படங்களுக்கு முதல் வாரம்தான் கடைசி வாரம் என்பதால் இதில் தள்ளிப்போடவும் வழியில்லை. இத்தனை பேயைப் பார்த்தவன் எதற்கும் பயப்பட மாட்டான் என்று அங்கே எல்லோரும் அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

உண்மை என் மனைவிக்குத் தெரியும். வீட்டில் படம் ஓடும்போது கதாநாயகி மாடிப்படியில் கால் வைத்தால் போதும், என் விரல் ரிமோட்டில் மியூட் பட்டனுக்குப் போய்விடும். பேய்ப் படத்தின் பயம் பாதிக்கு மேல் காதில்தான் இருக்கிறது. சத்தத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது மேக்கப்தான். தியேட்டரில் அந்த வசதி இல்லாததால் அங்கே செருப்பைத் தேடுவதாகக் குனிந்துகொள்வேன். "ஏங்க, செருப்பு கால்லதானே இருக்கு?" என்று அவள் ஒருமுறை சத்தமாகவே கேட்டுவிட்டாள். முன் வரிசையில் இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

அதைவிடப் பெரிய அவமானம் ஒரு காலைக் காட்சியில் நடந்தது. படத்தின் பெயர் வேண்டாம். எடுத்தவர்களே மறந்திருப்பார்கள். அரங்கில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்திருப்போம். பேய்க்கு வெள்ளை லென்ஸ், அரை டப்பா பவுடர். அது பறக்கும்போது இடுப்பில் கட்டிய கயிறு பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் இருந்த நண்பனுக்கு நான் நேர்முக வர்ணனையே கொடுத்துக்கொண்டிருந்தேன். "இப்ப கண்ணாடில தெரியும் பாரு." தெரிந்தது. "இப்ப ஒரு பூனை குதிக்கும்." குதித்தது. அப்போது என் தோளில் ஒரு கை விழுந்தது, முகத்தில் வெளிச்சம் அடித்தது. நான் போட்ட அலறலில் படத்தின் பின்னணி இசையே அமுங்கிப்போனது. "சார், சார், நான்தான் சார். சீட்டு மாறி உக்காந்துட்டீங்க" என்றார் டார்ச்சுடன் நின்ற தியேட்டர் ஊழியர். பின்னாலிருந்து ஒரு பையன் கைதட்டினான். அன்றைக்கு அந்த அரங்கில் யாருக்காவது கொடுத்த காசு செரித்தது என்றால் அவனுக்குத்தான்.

இதற்குப் பிறகும் எனக்குக் கருத்து சொல்லும் தைரியம் இருக்கிறது. அந்தப் படம் என்னை ஏமாற்றியது கயிறு தெரிந்ததால் அல்ல. கயிறு தெரியும் பேயை நான் முழு மனதோடு மன்னிப்பேன். கண்ணாடியும் பூனையும் நான் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றதைத்தான் மன்னிக்க முடியவில்லை. அதற்குக்கூடச் சமாதானம் ஆகிவிடலாம். ஆறவே ஆறாத குறை ஒன்று உண்டு: ஃப்ளாஷ்பேக்.

2011இல் 'காஞ்சனா' ஓடிய ஓட்டத்தைப் பார்த்து கோடம்பாக்கம் ஒரு கணக்குப் போட்டது. ஈ.சி.ஆர். பக்கம் ஒரு பங்களா, நாலு காமெடி நடிகர்கள், ஒரு மந்திரவாதி. ஊர் ஊராகப் போக வேண்டாம், ஃபாரின் பாட்டு வேண்டாம். இருட்டு என்பதால் செட்டில் பாதி தெரியாவிட்டாலும் கேட்பாரில்லை. 'காஞ்சனா' எடுத்த லாரன்ஸை நான் குறை சொல்ல மாட்டேன். 2007இல் வந்த 'முனி'யிலேயே பேய் என்றால் நடுங்குகிற ஒருவனை ஹீரோவாக்கியவர் அவர். எங்கள் இனத்துக்குத் தமிழ் சினிமா செய்த ஒரே மரியாதை அது. சிக்கல் பின்னால் வந்தவர்களிடம். இடைவேளை முடிந்ததும் பேய் உட்கார்ந்து தன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடும். நிலத்தைப் பிடுங்கினார்கள், குடும்பத்தை எரித்தார்கள், மந்திரி மகனைக் கேட்க ஆளில்லை. எல்லாம் நியாயமான கோரிக்கை. முதல் பாதியில் யாரைக் கண்டு குனிந்து செருப்புத் தேடினேனோ, அவருக்கு இரண்டாம் பாதியில் பட்டா மாற்றிக் கொடுக்க நானே தாலுகா ஆபீஸுக்கு அலையலாம் போலிருக்கும். அதற்குப் பிறகு எங்கே பயம்?

இந்த ஞானம் எனக்கு வந்தது என் அறியாமையால். எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்த புதிதில் ஜீ டிவியில் 'ஜீ ஹாரர் ஷோ' ஓடும். 1993இல் தொடங்கியது, ராம்சே சகோதரர்கள் எடுத்தது. எனக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. பிராத்மிக் என்கிற இந்திப் பரீட்சை பாஸ் பண்ணிய அக்கா பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பாள். யார் என்ன பேசினாலும் அவள் சொன்னது ஒன்றுதான்: "வர்றான்ங்கிறான்டா." யார் வருகிறான், ஏன் வருகிறான், யாருக்கும் தெரியாது. இரவு பாத்ரூம் போக அம்மாவை எழுப்புவேன். "இந்தக் கருமத்த ஏன்டா பாக்குற?" என்று திட்டிக்கொண்டே வருவாள். வீடியோ கடையிலிருந்து வந்த 'புரானா மந்திர்' கேசட்டில் சாம்ரி என்கிற அந்த நெட்டை அரக்கனைப் பார்த்தபோது, எழுப்பினால்கூடப் போக முடியாத நிலை.

வருஷங்கள் கழித்து அதே 1984ஆம் வருஷத்துப் படத்தை சப்டைட்டிலோடு பார்த்தேன். சாம்ரியின் தலையை ராஜா வெட்டினார், தலை ஒரு பெட்டியில், உடம்பு வேறிடத்தில், ராஜ குடும்பத்துக்குச் சாபம் என்று எல்லாம் தெளிவாகப் புரிந்தது. புரிந்த நிமிஷமே பயம் போய்விட்டது. சாம்ரியாக வந்த அனிருத் அகர்வால் சிவில் எஞ்சினியரிங் படித்தவர் என்று தெரிந்ததும் மிச்சமிருந்ததும் போனது. அப்போதே ஒழுங்காக இந்தி படித்திருந்தால் எனக்குப் பேய்ப் படப் பித்தே பிடித்திருக்காது. அக்காவுக்கும் இந்தி வராதது என் பாக்கியம்.

ராம்சே குடும்பத்தின் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. 1970இல் அப்பா எடுத்த படம் ஓடவில்லை. ஆனால் அதில் பிருத்விராஜ் கபூர் பயங்கர முகமூடி மாட்டிக்கொண்டு திருட வரும் காட்சிக்கு மட்டும் ஜனங்கள் மிரண்டதை மகன்கள் கவனித்தார்கள். அப்படியென்றால் முழுப் படத்தையும் அப்படியே எடுத்துவிடலாமே என்று ஏழு பிள்ளைகளும் வேலையைப் பங்குபோட்டுக்கொண்டு மஹாபலேஷ்வரில் போய் இறங்கினார்கள். 1972இல் 'தோ கஸ் ஜமீன் கே நீச்சே' வந்தது. தோற்ற படத்திலிருந்து ஒரு காட்சியைக் காப்பாற்றி அதில் இருபது வருஷம் குடும்பம் நடத்தியவர்கள். நான் பார்த்த தோல்விப் படங்களிலிருந்து எனக்கு மிஞ்சியதெல்லாம் டிக்கெட் துண்டுகள்.

இவ்வளவு பேசுகிறவன் 2012இல் 'பீட்சா'வைக் கோட்டை விட்டேன். கண்ட குப்பைக்கெல்லாம் முதல் வாரமே போனவன், அந்தப் பெயரைப் பார்த்து, ஏதோ டெலிவரிப் பையன் காதல் கதை என்று ஒதுக்கிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து டீக்கடையில் சக ஊழியர் ஒருவர், "என்ன ஸ்பெஷலிஸ்ட், அந்தக் கிளைமாக்ஸ நீங்க முன்னாடியே கண்டுபிடிச்சிருப்பீங்களே" என்று ஆரம்பித்து, வடை தீர்வதற்குள் முழுவதையும் சொல்லிவிட்டார். பார்க்கவில்லை என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. தலையாட்டினேன். அன்று மாலையே ஓடிப்போய்ப் பார்த்தேன். முடிவு தெரியும். அப்படியும் விஜய் சேதுபதி அந்த வீட்டுக்குள் டார்ச்சோடு நடந்த நேரம் முழுக்க என் செருப்பு காணாமல் போயிருந்தது. கார்த்திக் சுப்பராஜுக்கு அது முதல் படம், கையில் பெரிய காசும் இல்லை. ஒரு ஆள், ஒரு வீடு, ஒரு டார்ச். வெளிச்சம் படாத இடத்தையெல்லாம் நிரப்ப நம்மிடம் காசு வாங்காத ஆட்கள் இருக்கிறார்கள்.

இதை நிரூபிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தையே உட்கார வைத்து 1942இல் வந்த 'கேட் பீப்பிள்' போட்டேன். வால் லூட்டன் தயாரித்தது. சின்ன பட்ஜெட்டில் சிறுத்தையை எவ்வளவு குறைவாகக் காட்டலாம் என்று யோசித்த மனிதர். இரவுத் தெருவில் ஒரு பெண் நடக்கிறாள். பின்னால் இன்னொரு செருப்புச் சத்தம். சட்டென்று அது நின்றுவிடுகிறது. அவள் ஓடுகிறாள். உறுமல் வருகிறது என்று நாம் பதறும் நொடியில் புஸ்ஸென்று ஒரு பஸ் வந்து நிற்கிறது.

அண்ணன் மகன் கேட்டான். "சித்தப்பா, புலி எப்ப வரும்?"

"வராதுடா. அதுதான் அழகே."

"வராதுன்னா அப்புறம் எதுக்கு பாக்கணும்?"

என்னிடம் பதில் இல்லை. அண்ணி சமையலறைக்குப் போய்விட்டாள், அண்ணன் குறட்டை. பஸ் வந்தபோது சோபாவில் துள்ளியது நான் ஒருவன்தான். அது வரப்போகிறது என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆளும் நான்தான்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். காசில்லாமல் பயமுறுத்த முடியும் என்று சொல்லிச் சொல்லி, எடுத்தே காட்டு பார்க்கலாம் என்று நண்பர்கள் மடக்கிவிட்டார்கள். திருவையாறு பக்கம் ஒரு நண்பனின் பாட்டி வீடு பூட்டிக் கிடந்தது. குறும்படம் எடுக்கக் கிளம்பினோம். படித்த பாடம் எல்லாம் என் தலையில் தயாராக இருந்தது.

பாடம் ஒன்று, முகமூடி. 1978இல் ஜான் கார்ப்பென்டர் 'ஹாலோவீன்' எடுத்தபோது, 'ஸ்டார் ட்ரெக்' கேப்டன் கிர்க்கின் முகமூடியை இரண்டு டாலருக்கும் குறைவாக வாங்கி வெள்ளை அடித்தார்கள். உலகமே நடுங்கியது. நாங்கள் திருவிழாக் கடையில் சோட்டா பீம் முகமூடி வாங்கி வெள்ளை அடித்தோம். அடித்த பிறகும் அது சிரித்தது. இன்னொரு கோட் அடித்தோம். இன்னும் நன்றாகச் சிரித்தது.

சரி, முகமூடி வேண்டாம், வெள்ளைப் புடவைப் பேயே போதும் என்றேன். நடிக்க ஒத்துக்கொண்ட பெண் அன்று காலை போன் செய்து, வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள், வர முடியாது என்றாள். எட் வுட்டுக்கு வந்த சோதனைதான் இது. அவருடைய 'பிளான் 9' படத்துக்கு பெலா லுகோசி சில காட்சிகளை மட்டும் விட்டுவிட்டு 1956இல் செத்துப்போனார். மிச்சத்துக்கு வுட் தன் மனைவியின் முதுகெலும்பு வைத்தியரைக் கூப்பிட்டு, மேலங்கியால் முகத்தை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னார். அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவன் நான். இப்போது நண்பனுக்குப் புடவை கட்டி, சவுரியை முன்னால் தொங்கவிட்டேன். "மீசையை மட்டும் எடுத்துடுடா." "எங்கப்பா நல்லா இருக்காருடா!" என்று அவன் போட்ட சத்தத்தில் பேச்சு முடிந்தது.

பாடம் இரண்டு, ரத்தம். ஜார்ஜ் ரொமேரோ 1968இல் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' எடுத்தபோது ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப் ஊற்றினார். நாங்களும் ஒரு பாட்டில் வாங்கிப் பிணமாகக் கிடந்த நண்பன் மேல் தாராளமாக ஊற்றினோம். ரொமேரோவின் படம் கறுப்பு வெள்ளை என்பது, செல்போன் திரையில் அவன் கோன் ஐஸாகத் தெரிந்தபோதுதான் ஞாபகம் வந்தது. பரவாயில்லை, ராத்திரிதானே என்று லைட்டைக் குறைத்துக்கொண்டிருந்தோம். பிணம் எழுந்து உட்கார்ந்தது. "மச்சான், எறும்புடா!"

கடைசி நம்பிக்கை, ஒரே ஷாட். ஜப்பானில் 30 லட்சம் யென்னில் எடுத்த 'ஒன் கட் ஆஃப் தி டெட்' 37 நிமிஷம் வெட்டே இல்லாமல் போகும். எங்களுக்கு ஐந்து நிமிஷம் போதும். பேய் தாழ்வாரத்தில் மெதுவாக வந்தது. நன்றாகவே வந்தது. எனக்கே லேசாக வயிற்றைக் கலக்கியது. அப்போது ஃப்ரேமுக்குள் பக்கத்து வீட்டு அக்கா, கையில் தட்டோடு. "பூட்டுன வீட்ல லைட்டு எரியுதேன்னு பாத்தேன். சாப்டீங்களா தம்பி?" என்றவர் பேயை ஏற இறங்கப் பார்த்தார். "நீ வாத்தியார் பையன்தானே? மீசை தெரியுது பாரு."

அமெரிக்காவின் எல் பாசோ ஊரில் ஹரால்டு வாரன் என்று ஒரு உர வியாபாரி இருந்தார். பேய்ப் படம் எடுப்பது ஒன்றும் பிரமாதமில்லை என்று ஒரு திரைக்கதை எழுத்தாளரிடம் பந்தயம் கட்டி 1966இல் 'மானோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்' எடுத்தார். ஒரு தடவை சாவி கொடுத்தால் 32 விநாடிதான் ஓடும் கேமரா. ஒலிப்பதிவு கிடையாது. விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் எல்லோருக்கும் குரல் கொடுத்தார்கள். உலகின் படுமோசமான படங்கள் என்று எந்தப் பட்டியல் போட்டாலும் அதற்கு இடம் உண்டு. அதைக் கேலி செய்து நான் பேசிய பேச்சு கொஞ்சமல்ல. ஆனால் அவர் படத்தை முடித்தார், தியேட்டரிலும் போட்டார். என் படம் ஒரு பழைய ஹார்டு டிஸ்கில் தாழ்வாரத்தோடு நிற்கிறது. சாக்லேட் கறைப் புடவை நண்பனின் அம்மாவுடையது என்பதால் அந்த வீட்டுப் பக்கம் நான் போவதில்லை.

பாட்டி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பக்கத்து வீட்டு அக்கா அவனை நிறுத்திக் கேட்கிறாராம்: "நான் நடிச்ச படம் எப்பப்பா வருது?"