சிம்பியன் சித்தப்பா

எல்லாக் குடும்பத்திலும் ஒரு சிம்பியன் சித்தப்பா உண்டு. சில வீடுகளில் அவர் மாமா, சில வீடுகளில் பெரியப்பா. உறவுமுறை மாறலாம், அடையாளம் மாறாது. சட்டைப்பையில் ஒரு நோக்கியா ஈ71, பேன்ட் பாக்கெட்டில் ஸ்பேருக்கு இன்னொரு ஈ71, வாயில் எப்போதும் ஒரே கேள்வி: "இப்போ வர்றதெல்லாம் ஒரு போனாடா?"

சிம்பியன் என்ற மென்பொருளில் ஓடும் இந்த ஈ71 கடைக்கு வந்தது 2008-இல். அதைப் பழைய போன் என்று அவர் எதிரில் சொல்லிவிடக்கூடாது. "ஸ்டீல் பாடி. முழு கீபோர்டு. கண்ணை மூடிக்கிட்டு டைப் பண்ணலாம். உன் போன்ல பாட்டரியைக் கழட்டிக் காட்டு, பார்ப்போம்" என்பார். காட்ட முடியாதுதான். அந்த ஒரு பாயின்டிலேயே ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, மூடியைக் கழற்றி, பாட்டரியை எடுத்து, மறுபடி போட்டு, போனை ஆன் செய்து, இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் அந்தப் படம் வரும்வரை நம்மையும் நிற்க வைத்துப் பார்ப்பார்.

அவர் பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க பாட்டரிகள். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகும்போதெல்லாம் இரண்டு வாங்கி வருவார். வாங்கும் முன் கடைக்காரர் மேஜையில் பாட்டரியைப் படுக்க வைத்து, விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். சுற்றாமல் படுத்துக் கிடந்தால் நல்ல சரக்கு. பம்பரமாகச் சுற்றினால் வயிறு உப்பிவிட்டது என்று அர்த்தம், வேண்டாம். நோக்கியா 1100 மாடலில் போடும் பிஎல்-5சி பாட்டரிதான் சித்தியின் பக்திப் பாட்டுப் பெட்டிக்கும். வெள்ளிக்கிழமை காலையில் பெட்டி பாட மறுத்தால் சித்தி கடைக்குப் போவதில்லை, நேரே சித்தப்பாவின் பீரோவைத்தான் சோதனை போடுவாள்.

சிம்பியன் சித்தப்பாக்கள் எல்லாரும் ஒரே மதம் என்றும் நினைத்துவிடக்கூடாது. முழு கீபோர்டு பெரிதா, எண் பட்டனில் தட்டும் டி9 பெரிதா என்று இவர்களுக்குள் வடகலை தென்கலைச் சண்டையே உண்டு. பிளாக்பெர்ரிக்காரர் தன் பழைய போன்களுக்கான சேவை நின்றுபோன 2022 ஜனவரி 4-ஐத் திதி மாதிரி ஞாபகம் வைத்திருப்பார். விண்டோஸ் போன்காரர், "அந்த டைல்ஸ் இருக்கே..." என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் நிறுத்துவார். பாம் நிறுவனத்தின் வெப்ஓஎஸ் பக்தர் மட்டும் கொஞ்சம் பாக்கியசாலி. அவருடைய தெய்வம் எல்ஜி டிவிக்குள் போய்க் குடியேறிவிட்டது, வீட்டு ஹாலிலேயே தரிசனம் கிடைக்கிறது. நம் சித்தப்பாவுக்கு அந்த வசதி இல்லை. 808 பியூர்வியூ என்ற 41 மெகாபிக்சல் போனோடு 2012-இல் சிம்பியன் வம்சம் முடிந்துபோனது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014-இல் மூடப்பட்டது. காஞ்சிபுரத்துக்குக் கல்யாணப் பட்டு எடுக்கப் போகும் வழியில் ஸ்ரீபெரும்புதூர் வந்தால், காரில் யாரும் சிரிக்கக்கூடாது.

2017 ஜூன் மாதத்தோடு வாட்ஸ்அப் சிம்பியனைக் கைவிட்டது. சித்தப்பா பதிலுக்கு வாட்ஸ்அப்பைக் கைவிட்டார். குடும்பக் குரூப்பில் வரும் முக்கியச் செய்திகளை அவருக்கு எஸ்எம்எஸ்ஸில் சுருக்கி அனுப்பும் வேலை என் தலையில் விழுந்தது. நூற்றைம்பது குட்மார்னிங் ரோஜாக்கள், முப்பது மூலிகை வைத்தியம், நான்கு அரசியல் சண்டை, இவற்றையெல்லாம் சலித்தால் வாரத்துக்கு ஒரு வரி தேறும்: "பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, பரவாயில்லை." குடும்பத்திலேயே நிம்மதியாகத் தூங்குகிறவர் அவர்தான் என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன்.

போனோடு நின்றிருந்தால் இது சாதாரண வியாதி. சித்தப்பாவுக்கு முற்றிப்போனது. அவருடைய அறையில் விண்டோஸ் 98 ஓடும் ஒரு பென்டியம் கம்ப்யூட்டர் இருக்கிறது. உள்ளே இருக்கும் பட்டன் செல் செத்துவிட்டதால், எப்போது ஆன் செய்தாலும் அதற்குத் தேதி 1980 ஜனவரி 1. அதன் சீரியல் போர்ட்டில், சிம் கார்டு போட்ட ஒரு ஜிஎஸ்எம் மோடத்தை மாட்டியிருக்கிறார். டிவிஎஸ் கோல்டு கீபோர்டில் ஹைப்பர்டெர்மினலைத் திறந்து 'ஏடி' என்று தட்டி என்டர் அடித்தால், மோடம் 'ஓகே' என்கிறது. இந்த வீட்டில் அவர் சொன்னதும் ஓகே சொல்லும் ஒரே ஜீவன் அதுதான் என்பது சித்தியின் அபிப்பிராயம்.

"1981-ல ஹேய்ஸ் கம்பெனி மோடத்துக்கு வெச்ச கட்டளைடா இது. இன்னிக்கும் வேலை செய்யுது. உன் ஆப் ஏதாவது நாப்பது வருஷம் நிக்குமா?"

"நிக்காது சித்தப்பா."

"உலகத்துல முதல் எஸ்எம்எஸ் எப்படிப் போச்சு தெரியுமா? 1992 டிசம்பர் 3. இங்கிலாந்துல நீல் பாப்வர்த்னு ஒரு இன்ஜினியர், கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினான். எதுலேர்ந்து? கம்ப்யூட்டர்லேர்ந்து! அப்போ போன்ல டைப் பண்ணவே வழி கிடையாது. நான் பண்றதுதான் ஒரிஜினல்."

வாஸ்தவம். ஆனால் பாப்வர்த்துக்குச் சொல்வதற்கு ஒரு வாழ்த்தாவது இருந்தது. சித்தப்பாவுக்கு அதுவும் இல்லை. இத்தனை வருடத்தில் அந்த மோடம் வழியாகப் போன செய்திகளை எடுத்துப் பார்த்தால் 'டெஸ்ட்', 'டெஸ்ட் 2', 'மறுபடி டெஸ்ட்', 'டெஸ்ட், கிடைத்ததா?' என்றுதான் இருக்கும். கிடைத்தது என்று பதில் போட்டால் அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல் தவித்துப்போவார். செய்தி போய்ச் சேர்வதுதான் அவருக்குச் செய்தி.

எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்து. தமிழ் என்றால் 70 இடம்தான். மெய்யும் கொம்பும் காலும் தனித்தனியாக இடம் பிடிக்கும். அதிலும் இந்த மோடத்துக்குத் தமிழ் தெரியாது, யூனிகோடு எண் மட்டும்தான் தெரியும். 'அ' வேண்டுமானால் 0, பி, 8, 5 என்று நான்கு தட்டு தட்ட வேண்டும். இதற்காகவே சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், அ முதல் ன வரை எண் எழுதிய சார்ட் ஒட்டியிருக்கிறார். ஒருநாள் சமையலறையில் இருந்த சித்திக்கு 'காபி வேண்டும்' என்று அனுப்பத் தீர்மானித்தார். கால், கொம்பு, புள்ளி, நடுவில் ஓர் இடைவெளி எல்லாம் சேர்த்து 13 இடம். அதாவது 52 தட்டு. மூக்குக்கண்ணாடியைச் சுவருக்கும் திரைக்கும் மாற்றி மாற்றித் திருப்பி, ஒவ்வொன்றாகத் தட்டி, கன்ட்ரோல் இசட் அடித்து நிமிர்ந்தபோது காபி அவர் பக்கத்திலேயே இருந்தது. ஆடை கட்டியிருந்தது. சித்தி தினமும் அந்த நேரத்துக்குக் காபி வைப்பது வழக்கம். அதற்கு எஸ்எம்எஸ் எதுவும் தேவைப்பட்டதில்லை.

வெளியே போனால் வேறு கூத்து. டீக்கடையில் எல்லாரும் போனைக் காட்டி 'டிங்' என்று காசு கொடுத்துவிட்டுப் போக, சித்தப்பா மட்டும் ஓரமாக ஒதுங்கி, ஸ்டார் 99 ஹேஷ் அடிப்பார். இன்டர்நெட் இல்லாத போனிலும் யுபிஐ பணம் அனுப்ப இருக்கும் வழி அது. ஒன்றை அழுத்து, எண்ணைப் போடு, தொகையைப் போடு, ரகசிய எண்ணைப் போடு என்று அது ஒவ்வொன்றாகக் கேட்கும். நடுவில் யாராவது கூப்பிட்டால் எல்லாம் கலைந்துபோகும், மறுபடி முதலிலிருந்து. "சார், காசு நாளைக்குக் குடுங்க. டம்ளரை மட்டும் குடுத்துட்டுப் போங்க" என்று கடைக்காரர் கெஞ்சுவார். சித்தப்பா விடமாட்டார். கடைசியில் போய்ச் சேர்ந்ததும் அவர் முகத்தில் வரும் களிப்பைப் பார்த்தால், பன்னிரண்டு ரூபாயை அல்ல, ராக்கெட்டை அனுப்பியிருக்கிறார் என்றுதான் தோன்றும்.

அவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பாங்க், காஸ் சிலிண்டர், ஆதார் என்று நம் புதுப்போன்களின் சமத்தெல்லாம் கடைசியில் ஓர் ஓடிபியில் வந்து நிற்கிறது. அந்த ஓடிபி பெரும்பாலும் எஸ்எம்எஸ்ஸாகத்தான் வருகிறது. நாமெல்லாம் சிக்னல் தேடி மொட்டை மாடிக்கு ஓடும்போது, சித்தப்பா ரேடியோவுக்குப் பக்கத்தில் மோடத்தை வைத்துவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். ரேடியோ 'டிட்-டிடிட்-டிடிட்' என்று இரைய ஆரம்பித்தால் போதும். ஜிஎஸ்எம் சாதனம் டவரோடு பேசும்போது நொடிக்கு 217 தடவை விட்டு விட்டுத் துடிக்கும், அந்தத் துடிப்புதான் ஸ்பீக்கரில் இரைச்சலாகக் கேட்கிறது. "வருது, வருது" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ஓடிபி வந்துவிடும். குறி சொல்கிற பெருமை அப்போது அவர் முகத்தில் இருக்கும்.

போன மாதம் அமெரிக்காவில் இருக்கும் அவர் பையனுக்குக் குழந்தை பிறக்கவிருந்தது. "செய்தியை முதல்ல என் மோடத்துக்கு அனுப்பு. தமிழ்ல அனுப்பு" என்று சித்தப்பா முன்கூட்டியே உத்தரவு போட்டிருந்தார். விடியற்காலையில் ரேடியோ இரைந்தது. சித்தி, நான், எதிர்வீட்டு மாமி, எல்லாரும் அறைக்கு ஓடினோம். திரை முழுக்க எண்கள். சித்தப்பா பென்சிலை எடுத்துக்கொண்டு சார்ட்டின் முன் நின்றார்.

"எ... டை... மூ... ன்... று... கிலோ" என்று வாசித்தார்.

"யாரு மூணு கிலோ? பொண்ணா, பையனா?" என்றாள் சித்தி.

"இரு. எழுபது இடத்துக்கு மேல போனா செய்தி உடைஞ்சுதான் வரும். ஒரு பார்ட்டுக்கு 67. இது ரெண்டாவது. முதல்ல கிளம்பினது இன்னும் வரலை. ரெண்டாவது முந்திக்கிச்சு."

எதிர்வீட்டு மாமி கன்னத்தில் கை வைத்தாள். "அடியம்மா, ரெட்டையா!"

சித்தி சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அதே மூச்சில், "ஏங்க, அப்போ ரெண்டு தொட்டில் வாங்கணுமே" என்றாள். "பார்ட்டு! பார்ட்டுதான் ரெண்டு!" என்று சித்தப்பா கத்திக்கொண்டிருக்கும்போதே, சித்தியின் போனில் வாட்ஸ்அப் வீடியோ கால் அடித்தது. துணியில் சுற்றிய, மூக்கு சிவந்த ஒரே ஒரு பெண் குழந்தை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கொட்டாவி விட்டது. சித்தி அழுதாள், மாமி அழுதாள். சித்தப்பாவும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எட்டிப் பார்த்தார். பேத்தியைப் பார்த்து, "தாத்தாடி, தாத்தா" என்று கை ஆட்டினார். பிறகு போனைச் சித்தியின் கையிலிருந்து வாங்கி, குரலைத் தாழ்த்திப் பையனிடம் கேட்டார்:

"டேய், அனுப்பும்போது எத்தனை பார்ட்டுன்னு காட்டிச்சு?"