கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளையர் பள்ளியில் சேர்க்க ராணுவமே வந்ததாமே! நம் பக்கம் அப்படி ஏதும் உண்டா?
- ஒரு வாசகர், ஒரகடம்

பதில்: 1957-ல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது பிள்ளைகளுக்கு ராணுவம் துணை போனது உண்மை. நம் பிள்ளைகளுக்குத் துணை போக யாரும் வரவில்லை. தனிப் பள்ளிதான் வந்தது.

உங்கள் ஒரகடத்தை அடுத்த ஸ்ரீபெரும்புதூர் அன்று செங்கல்பட்டு மாவட்டம். அங்கே கலெக்டராக இருந்த திரெமன்ஹீர், பறையர் மக்கள் பட்ட பாட்டை 1891-ல் அறிக்கையாக எழுதினார். மறு ஆண்டே அம்மக்களுக்கு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நில ஆணை வந்தது. 1894-ல் சென்னையில் பிரம்மஞான சபையின் ஆல்காட், பஞ்சமர் என்று அன்று அழைக்கப்பட்ட அம்மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பிறகு அரசின் தொழிலாளர் துறையும் தனிப் பள்ளிகளை நடத்தியது; இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அந்த வழியில் வந்தவை. அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஊர்ப் பள்ளித் திண்ணையில்கூட உட்கார விடாத காலத்தில் எழுத்தறிவித்த இடங்கள் அவை.

ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி கோபுரமேறி மந்திரம் சொன்னவர் என்று நாம் கொண்டாடும் ராமானுஜர் பிறந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். இங்கே கார் ஆலைக்குப் போகிற பஸ்ஸில் யாரும் சாதி பார்த்து இருக்கை தருவதில்லை. பள்ளிப் பலகையில் மட்டும் 'ஆதிதிராவிடர் நல' என்று எதற்கு? பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்கச் சொல்லி, தமிழக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-லேயே பரிந்துரைத்துவிட்டது. பலகையில் ஊர்ப் பெயர் போதும். அரசு உடனே மாற்ற வேண்டும்.