சூன் பாண்காரர் பார்த்த முகம்

அக்காவின் மகளுக்குக் கலியாணம். பொம்பிளைக்குச் சின்னம்மா என்ற முறையில் எனக்கும் ஒரு 'பக்கேஜ்' விழுந்தது. காலி வீதியை ஒட்டிய பார்லர் ஒன்றில் விடிய நாலரைக்கே கதிரையில் இருத்திவிட்டார்கள். ஒருத்தி தலைக்கு, ஒருத்தி முகத்துக்கு, மூன்றாமவள் சேலை மடிப்புக்கு ஊசி குத்த. பிரைமர், பவுண்டேஷன், கன்சீலர், அதற்கு மேலே பவுடர், இமைக்கு மேலே இன்னொரு இமை. எல்லாம் முடிந்து ஏதோ ஒன்றைப் புஸ்ஸென்று முகத்தில் அடித்து, "இனி அழுதாலும் அசையாது அன்ரி" என்றாள் முகத்துக்காரி.

அவள் பொய் சொல்லவில்லை. தாலி கட்டும்போது அழுதேன், அசையவில்லை. மத்தியானப் பந்தியில் ரசத்தோடு சேர்ந்து வேர்த்தேன், அசையவில்லை. இரவு பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடியின் முன்னால் நின்றபோதும் அது அப்படியே இருந்தது. நான்தான் ஆடிக்கொண்டு நின்றேன். பூசுவதற்கு மூன்று பேர் வந்தார்கள், கழற்ற ஒருத்தியும் வரவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. பக்கேஜில் அது கிடையாது.

கையில் அகப்பட்டது உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரக் கட்டி. ஊத்தையை எடுக்கிறதுதானே, முகமென்ன சட்டையென்ன என்று போட்டுத் தேய்த்தேன். அழுதபோது அசையாத மஸ்காரா இப்போது அசைந்தது, ஆனால் போகவில்லை. இரண்டு கன்னத்திலும் வெள்ளவத்தை வாய்க்கால் இரண்டு கிளையாகப் பிரிந்து ஓடியது, வாசம் ஒன்றுதான் குறை. துவாயால் அரக்கித் துடைத்தேன். ஒரு கண்ணின் ஒட்டு இமை வந்துவிட்டது, கூடவே என் சொந்த இமையில் நாலைந்து மயிரும். மற்றது வரமாட்டேன் என்றது. கிடக்கட்டும் என்று அதோடு படுத்துவிட்டேன். விடியப் பார்த்தால், வெள்ளைத் தலையணை உறையில் என் முகம் என்னைவிட வடிவாகப் பதிந்திருந்தது.

கீழே ஒழுங்கையில் பேத்தோவனின் 'ஃபூர் எலிஸ்' கேட்டது. வேறெந்த ஊரிலாவது அதைக் கேட்டால் சங்கீதம் என்பார்கள். இங்கே அது கேட்டால் பாண் வந்துவிட்டதென்று அர்த்தம். அரைத்தூக்கத்தில் இறங்கிப் போனேன். சூன் பாண்காரர் என்னைப் பார்த்தார். முகம் சிவந்து தோல் உரிந்திருந்தது, கண்ணைச் சுற்றிக் கருவளையம், ஒரு பக்கம் மட்டும் இமை விசிறி போல விரிந்து நின்றது. "நோனாட்ட அசனீபத?" என்று மெதுவாகக் கேட்டார். சுகமில்லையா என்கிறார். மூன்று பணிஸ் வாங்கினேன், நாலாவதை அவராகவே பையில் போட்டு, காசு வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

மேலே வந்தால் மகள். "அம்மா, முகத்தையா கழுவினீங்கள், சட்டியையா?"

அதற்குப் பிறகு எனக்கு வகுப்பு நடந்தது. தோல் கொஞ்சம் புளிப்புப் பக்கமாம், அமில-கார அளவு (pH) 5 மட்டில் நிற்கும். சவர்க்காரக் கட்டி காரப் பக்கம், 9, 10 என்று போகும். அதனால்தான் கழுவினவுடனே முகம் அப்பளம் போல இழுக்கிறது. நான் அந்த இழுவையைத்தான் இத்தனை வருஷமாகச் 'சுத்தம்' என்று நினைத்திருந்தேன். கண் இமைத் தோலோ உடம்பிலேயே ஆக மெல்லியது, அங்கே துவாய்க்கு வேலையே இல்லை. தண்ணிக்கு அசையாத மஸ்காராவைத் தண்ணியால் கழுவப் போனது என் புத்தி. அது எண்ணெய்க்குத்தான் இளகும்.

மகள் லாச்சியிலிருந்து மைசெலர் வாட்டர் என்றொரு போத்தலை எடுத்தாள். பார்வைக்குப் பச்சைத் தண்ணி. அதற்குள் இருக்கிற மூலக்கூறுக்கு ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறு முனை தண்ணியைப் பிடிக்கும் என்றாள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. வெள்ளவத்தையில் இருக்கிறவளுக்குக் கலியாணத் தரகரைத் தெரியாதா? ஒரு கை மாப்பிளை வீட்டில், மறு கை பொம்பிளை வீட்டில். ஜென்மத்துக்கும் ஒட்டாத இரண்டு பகுதியை ஒட்ட வைத்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். பஞ்சை நனைத்து மூடிய கண்மேல் வைத்து, தேய்க்காமல், அரை நிமிஷம் பொறுக்க வேண்டும். பிறகு கீழ்நோக்கி ஒரு இழுப்பு, கறுப்பு முழுக்கப் பஞ்சில். அதற்குப் பிறகு ஒருதரம் முகத்தைக் கழுவத்தான் வேண்டும். தாலி ஏறின பிறகும் தரகர் வீட்டிலேயே நின்றால் தொந்தரவு.

கனத்த கலியாண மேக்கப்புக்கு அதுவும் காணாதாம். அதற்குக் கிளென்சிங் பாம். தண்ணி படாத முகத்தில், காய்ந்த கையால், வட்டமாகத் தடவ வேண்டும். விலையைக் கேட்டு நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். எண்ணெயும் மெழுகும்தானே! இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் வைத்தியம் பார்த்த கேலன் தேன்மெழுகையும் ஒலிவ எண்ணெயையும் பன்னீரையும் குழைத்த கோல்ட் கிரீமின் பேரப்பிள்ளைதான் இது. பேரப்பிள்ளை வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எண்ணெய் என்றதும் பெரியப்பா ஞாபகம் வந்தார். கொட்டாஞ்சேனையில் புனித லூசியாள் கோயில் மணி கேட்கிற தூரத்தில் அவர் வீடு. பெரியம்மாவைக் கட்டுவதற்காக வேதத்துக்கு மாறினவர். பகலில் துறைமுகத்தில் கிளாக்கர், எஸ்தாக்கியார் கூத்துப் போட்டால் இரவில் ராணி. முகம் முழுக்க முத்துவெள்ளை. விடியக் கூத்து முடிந்து வந்து, முடுக்கில் முக்காலியைப் போட்டு, உள்ளங்கை நிறையத் தேங்காயெண்ணெயை ஊற்றி முகத்தில் அப்பிக்கொண்டு, பேசாமல் இருப்பார். பிறகு நேற்றைய பேப்பரைக் கசக்கித் துடைப்பார். எண்ணெய் முகத்தில் அச்சு மை ஏறி, தலைப்புச் செய்தி வலமிடமாகக் கன்னத்தில் கிடக்கும். அப்படியே கந்தோருக்குப் போயிருக்கிறார் என்பார் பெரியம்மா.

'பார்த்தியா, அந்தக் காலத்து ஆக்களுக்கு எல்லாம் தெரியும்' என்று நான் மகளிடம் பெருமையாகத் தொடங்கினேன். அவள் விடவில்லை. முத்துவெள்ளை துத்தநாக ஒக்சைட்டு, இப்போது சன்ஸ்கிரீமில் வருகிறது, பரவாயில்லை. ஆனால் அதற்கும் முந்தின ஆட்கள் மஞ்சளுக்குப் பூசினது அரிதாரம்; அது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது. வேஷத்துக்கே அந்த நஞ்சின் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். தேங்காயெண்ணெயும் எல்லா முகத்துக்கும் ஒத்துவராது, துவாரத்தை அடைக்கும் என்றாள். நான் நம்பவில்லை. ஒரு கிழமை பெரியப்பா முறைப்படி செய்து பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயதில் நாடியில் ஏழு பரு வந்தது. பாம் வாங்கிவிட்டேன்.

அடுத்த மாதம் இன்னொரு கலியாணம். இந்த முறை இரவு ஒரு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஒழுங்காகச் செய்தேன். காய்ந்த முகத்தில் பாமைத் தடவ, காலையிலிருந்து இருந்த பவுண்டேஷன் விரலுக்கடியில் சேறாக இளகியது. இரண்டு சொட்டுத் தண்ணி பட்டதும் அது தேங்காய்ப் பால் முதற்பால் போல வெள்ளையானது. ஒட்டு இமைகள் இரண்டும் தாமாகவே வழுக்கி வந்து, வோஷ் பேசினில் இரண்டு கரப்பான் பூச்சிகளாகக் கிடந்தன. கழுவி, ஒற்றி எடுத்து, ஈரம் காய முதல் கிரீம் பூசிப் படுத்தேன்.

விடிய ஃபூர் எலிஸ் கேட்டது. கண்ணாடியில் ஒருதரம் பார்த்தேன். துப்புரவான முகம், ஒரு பொட்டு மை இல்லை. கொஞ்சம் நிமிர்ந்தே இறங்கிப் போனேன்.

சூன் பாண்காரர் என்னை உற்றுப் பார்த்தார்.

"தாமத் அசனீபத?"

இன்னும் சுகமாகவில்லையா என்கிறார். இந்த முறை பணிஸும் தரவில்லை.